பழைய செவர்லே பிக்கப்பில் ஹீற்றர் லீவர் முறிந்தால்

என்னிடம் இருப்பது 1979 செவர்லே சி10, 350 கன அங்குல எஞ்சின், ஒஷாவாவில் செய்த வண்டி. 1973 முதல் 1987 வரை வந்த இந்த வரிசையை இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் எல்லோரும் ஸ்குவெயர்பொடி, அதாவது சதுர உடம்பு, என்றுதான் சொல்வார்கள். என்னுடையதில் ஏசி இல்லை, வெறும் ஹீற்றர்தான். டாஷ்போட்டில் அதற்கு மூன்று லீவர். இடப்பக்கத்தில் மேலும் கீழும் போகிற குட்டி லீவர் விசிறிக்கு. குறுக்கே போகிற இரண்டில் மேலே உள்ளது காற்று காலுக்கா கண்ணாடிக்கா என்று மாற்றுவதற்கு, கீழே உள்ளது சூட்டைக் கூட்டிக் குறைப்பதற்கு. நாற்பது வருடத்துக்கு மேல் போன வண்டிகளில் பழுதாகிறது பெரும்பாலும் இந்தக் குறுக்கு லீவர் இரண்டில் ஒன்று. ஸ்காபரோவில் ஜனவரி மாதக் காலையில் முன்கண்ணாடிப் பனியை இளக்க முடியாவிட்டால் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. அதனால் இதை ஆடம்பர வேலை என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவர் முறிந்திருந்தால் லீவரை மட்டும் ஒட்டிப் பூட்டாதீர்கள். அந்த லீவர் தானாக முறியவில்லை. உள்ளே எங்கேயோ ஒன்று இறுகிப்போயிருக்கிறது, நீங்கள் குளிரில் பலமாகத் தள்ளியிருக்கிறீர்கள், சங்கிலியில் எது பலவீனமோ அது போயிருக்கிறது. இறுகியதை இளக்காமல் புது லீவர் பூட்டினால் அடுத்த குளிருக்கு அதுவும் முறியும். ஆகவே வேலையைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஹீற்றர் பெட்டிக்குள் இருக்கும் கதவு, அப்புறம் கேபிள், கடைசியில் லீவர்.

இந்த வண்டியில் ஹீற்றர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிச்சம் சுலபம். எஞ்சினின் சுடுதண்ணீர் ஹீற்றர் கோருக்குள், அதாவது பெட்டிக்குள் இருக்கும் குட்டி ரேடியேற்றருக்குள், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது தண்ணீர் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பெட்டிக்குள் ஒரு தகடு, கதவு மாதிரி, திரும்புகிறது. வெளியிலிருந்து வரும் குளிர்காற்றில் எவ்வளவு கோர் வழியாகப் போகவேண்டும், எவ்வளவு அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று அந்தக் கதவு பிரித்து விடுகிறது. மேல் லீவருக்கும் இதே கதைதான், வேறொரு கதவு. லீவருக்கும் கதவுக்கும் இடையில் சைக்கிள் பிரேக் கேபிள் போல ஒரு கேபிள்: வெளியே உறை, உள்ளே கம்பி. ஆனால் பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான், இது இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் உள்ளே இருப்பது பின்னல் கம்பி இல்லை, ஒற்றைக் கம்பி. ஒரு தடவை மடிந்தால் மடிந்ததுதான்.

ஏசி உள்ள வண்டி என்றால் காற்றைத் திருப்புகிற வேலையை வாக்குவம், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் இழுவை, செய்யும், பின்னால் மெல்லிய குழாய்கள் இருக்கும். சூட்டு லீவர் அதிலும் கேபிள்தான், ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதலில் பிழை எங்கே என்று பாருங்கள்

ஒரு ஸ்குறூவையும் தொடுவதற்கு முன் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பொனற்றைத் திறந்தால் பயணி பக்கத்துச் சுவரில் இரண்டு ரப்பர் குழாய்கள் உள்ளே போவது தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரேமாதிரிச் சுட்டால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, பிழை கதவிலோ கேபிளிலோதான். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது. டாஷ்போட்டைக் கழற்றி ஒரு பிரயோசனமும் இல்லை, கோரைக் கழுவுங்கள். இரண்டுமே வெறும் வெதுவெதுப்பு என்றால், எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்ராற் திறந்தபடி சிக்கியிருக்கலாம். இந்த எஞ்சினுக்குக் கொம்பனி போட்டது 195 ஃபாரன்ஹைட், அதாவது ஏறக்குறைய 91 செல்சியஸ். முன்பு வைத்திருந்தவர் யாராவது கோடை வெக்கைக்கு 160 போட்டிருந்தால் ஹீற்றர் பாவம் என்ன செய்யும்?

அடுத்து லீவரை மெல்ல அசைத்துப் பாருங்கள். கை நிறையச் சொல்லும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடினால் கேபிள் நுனி லீவரிலிருந்தோ கதவிலிருந்தோ கழன்றுவிட்டது, அல்லது லீவரின் பின்பகுதி முறிந்து முன்பகுதி மட்டும் உங்கள் கையோடு வருகிறது. தள்ளினால் பாதி போய், விட்டவுடன் திரும்பி வந்தால் உறையைப் பிடித்திருக்கும் கொளுக்கி போய்விட்டது. கம்பி நகர்வதற்குப் பதிலாக முழுக் கேபிளும் வளைந்து கொடுக்கிறது. ஒரேயடியாக அசையாவிட்டால் துரு. அசையாததைப் பலம் கொண்டு தள்ள வேண்டாம். இன்னும் முறியாமல் இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

கழற்றுவது

பழைய பிளாஸ்ரிக்குக்குக் குளிர் ஆகாது. சுழியத்துக்குக் கீழே நிற்கிற வண்டியில் டாஷ்போட் முகப்பைக் கழற்றினால் ஸ்குறூ ஓட்டையைச் சுற்றிப் படக்கென்று வெடிக்கும். கராஜுக்குள் விட்டு, வண்டிக்குள் கதகதப்பு வந்த பிறகு தொடங்குங்கள். கராஜ் இல்லையென்றால் வெயில் உள்ள ஒரு நாளுக்குக் காத்திருப்பது நல்லது. தேவையான சாமான்: 7 மில்லிமீற்றர் அல்லது 9/32 அங்குல சொக்கற், நட்சத்திரத் திருப்புளி, ஊசிமூக்குக் குறடு, தலையில் மாட்டுகிற ரோச், பேப்பர் ரேப், பேனை.

பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். விசிறிக்கு வரும் வயர் தடித்தது, உள்ளே சுற்றிவர எல்லாம் இரும்பு. இந்த அரை நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

முகப்பு முழுவதும் ஒரே துண்டு, மீற்றரையும் ஹீற்றர் லீவர்களையும் சுற்றி வரும். அது வெளியே வர ஹெட்லைற் குமிழ் வழிவிட வேண்டும். குமிழை வெளியே முழுக்க இழுத்து, டாஷ்போட்டுக்குக் கீழே கை விட்டால் சுவிச்சின் உடம்பில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னப் பொத்தான் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் குமிழும் தண்டும் சேர்ந்து வந்துவிடும். தெரியாதவர்கள் குமிழைச் சுற்றிச் சுற்றிப் பிடுங்கப் பார்ப்பார்கள். ரேடியோக் குமிழ்கள் வழிமறித்தால் அவற்றையும் இழுத்தெடுங்கள். ஓட்டோமற்றிக் வண்டியானால் கைப்பிரேக்கைப் போட்டுக் கியர்த் தடியைக் கீழே கடைசிவரை இறக்குங்கள், முகப்பை வெளியே சரிக்க இடம் கிடைக்கும். 1970களின் பிற்பகுதி வண்டிகளில் அங்குல ஆணியும் மில்லிமீற்றர் ஆணியும் கலந்து கிடக்கும். கழற்றுகிற ஸ்குறூவை ஒரு அட்டைப் பெட்டித் துண்டில் வண்டியில் இருந்த ஒழுங்குக்கே குத்தி வையுங்கள்.

ஹீற்றர் லீவர்ப் பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்குறூக்களை எடுத்தவுடன் அவசரப்பட்டு முன்னால் இழுக்க வேண்டாம். கேபிள் நீளம் மட்டுமட்டு. நான்கு விரல் அகலம் வெளியே வந்தால் போதும், பக்கவாட்டில் சரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். போனில் படம் எடுங்கள், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. ஒவ்வொரு கேபிளிலும் பேப்பர் ரேப் சுற்றி 'சூடு', 'கண்ணாடி' என்று எழுதுங்கள். விசிறி சுவிச்சின் பிளக், விளக்கின் வயர் இரண்டையும் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கம்பி நுனி ஒரு சுருள் வளையமாக இருக்கும், லீவரில் உள்ள ஊசியில் கொளுவி, மேலே பல்லு வைத்த தட்டைத் தகடு ஒன்று இறுக்கியிருக்கும். சதக்காசு அளவுகூட இல்லை, அதைவிடச் சின்னது. மெல்லிய திருப்புளியை அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பினால் வரும். வந்ததும் பறக்கும். மற்றக் கையால் மூடிக்கொண்டு நெம்புங்கள். பழையதைத் திரும்பப் பாவிக்க முடியாது, பல்லு விரிந்துவிடும். அதனால் வேலை தொடங்க முதலே புதிதாக நாலைந்து வாங்கி வைத்திருங்கள், சில்லறைக் காசுதான்.

இந்த இடத்தில்தான் என் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மச்சான் இந்தக் கரைச்சல்? புதுசு ஒண்டை வாங்கிப் பூட்டிவிடன்” என்றார். வாங்கலாம். இந்த வண்டிகளுக்கு மாற்றுச் சாமான் செய்கிற கொம்பனிகள் நிறைய, முழு லீவர்ப் பெட்டியே புதிதாகக் கிடைக்கும். ஆனால் நான் மேலே சொன்ன காரணம் மாறாது. கதவு இறுகியிருந்தால் புதுப் பெட்டியும் பழைய பெட்டியின் வழிதான் போகும். பழையது திருத்த முடியாத அளவு நொறுங்கியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கதவும் கேபிளும்

கையுறைப் பெட்டியின் உட்கூட்டைக் கழற்றினால் ஹீற்றர் பெட்டியின் பக்கத்தில் கேபிள்கள் வந்து சேரும் இடம் தெரியும். கதவின் அச்சு வெளியே நீட்டிக்கொண்டு, அதில் ஒரு சின்னக் கை இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கையை ஒரு விரலால் அசைத்துப் பாருங்கள். ஒரு விரல் போதும் என்றால் கதவு நல்லது. முடிவில் இரண்டு பக்கமும் 'டொக்' என்று தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். விரல் நோகிறது, இரும்பில் இரும்பு அரைக்கிற மாதிரிச் சத்தம் வருகிறது என்றால் உங்கள் லீவரை முறித்த ஆள் இவர்தான்.

அச்சில் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் விட்டு, மெல்ல மெல்ல அசையுங்கள். நிறைய அடிக்காதீர்கள். அது வழிந்து உள்ளே போனால் ஹீற்றர் போடும்போதெல்லாம் வண்டிக்குள் அந்த மணம்தான் வரும். அச்சு இளகிய பிறகு துடைத்துவிட்டு சிலிக்கோன் கிறீஸ் கொஞ்சம் தடவுங்கள். கதவு பாதியில் முட்டி நின்றால் துரு இல்லை, உள்ளே ஏதோ கிடக்கிறது. கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு உதிர்ந்து கட்டியாகியிருக்கலாம், முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுவாய் வழியாக வந்த மேப்பிள் இலையாக இருக்கலாம். எலிக்கூடும் சகஜம், குளிர்காலம் முழுக்கக் கராஜில் நிற்கிற வண்டி என்றால் இன்னும் சகஜம். எலி இருந்த தடயம் கண்டால் காய்ந்தபடி தட்டவோ விசிறியைப் போட்டு ஊதவோ வேண்டாம். முகமூடியும் கையுறையும் போட்டு, கிருமிநாசினியால் நனைத்து, ஈரத்தோடு துடைத்து எடுங்கள்.

இனிக் கேபிள். இரண்டு நுனியும் கழன்று இருக்கும்போது கம்பியைப் பிடித்து இழுத்துத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். சொரசொரப்பாகப் போனால் கேபிளை வெளியே எடுத்து ஒரு ஆணியில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மேல் நுனியில் பிளாஸ்ரிக் பை ஒன்றின் மூலையைச் சின்னதாக வெட்டி, உறையைச் சுற்றி ரேப்பால் இறுக்கினால் அது புனலாகிவிடும். அதில் மெல்லிய எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கீழே வைத்த பேணியில் பழுப்பு நிறத் தண்ணீராகச் சொட்டியிருக்கும், அது துரு. கம்பி எங்காவது மடிந்திருந்தால், குறடால் நிமிர்த்தினாலும் தள்ளும்போது அதே இடத்தில் திரும்ப மடியும். அப்படியென்றால் புதுக் கேபிள்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். ஏசி வண்டிக் கேபிளும் ஏசி இல்லாத வண்டிக் கேபிளும் ஒன்றில்லை.

முறிந்த இடத்தைத் திருத்துவது

உறையைப் பிடிக்கிற கொளுக்கி முறிந்திருந்தால் ஒட்டுவதில் நம்பிக்கை வைக்காதீர்கள். முழுப் பாரமும் வருகிற இடம் அதுதான், ஒவ்வொரு தள்ளலுக்கும் அது பிடித்து நிற்க வேண்டும். நான் செய்தது: வயர்களை வண்டி உடம்போடு சேர்த்துப் பிடிக்கப் பயன்படுகிற, உள்ளே ரப்பர் வைத்த இரும்பு வளையம் இருக்கிறதே, அதில் உறைக்குச் சரியான அளவு ஒன்றை எடுத்தேன். முறிந்த மிச்சத்தை அரத்தால் மட்டமாக்கி, அதே இடத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை துளைத்து, வளையத்தை ஆணி போட்டுப் பின்னால் பெரிய வாஷரும் பூட்டுநட்டும் வைத்து இறுக்கினேன். ஓட்டை துளைக்க முதல் உறை பழைய கோட்டில் நேராக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். சரிந்து உட்கார்ந்தால் கம்பி உறையின் வாயில் உரசி உரசி ஒருநாள் அறுந்துவிடும். ஆணியின் நுனி லீவர் போகிற வழியில் நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

கேபிள் கொளுவுகிற ஊசி முறிந்திருந்தால் மிச்சத்தை அரத்தால் எடுத்துவிட்டு, அதே புள்ளியில் துளைத்து, ஒரு சின்ன ஆணியைக் கீழிருந்து மேலே போட்டு நட்டால் இறுக்குங்கள். நட்டுக்கு மேலே மிஞ்சி நிற்கும் ஆணிதான் இனி உங்கள் ஊசி. கம்பியின் வளையம் மரையில் உரசாமல் சுற்றும்படி அந்தப் பகுதியை அரத்தால் வழுவழுப்பாக்குங்கள். புள்ளி இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலும் கதவு முழுதாக மூடாது, ஆகவே பழைய ஊசியின் நடுவைக் குறித்துவிட்டு அரத்தைத் தொடுங்கள்.

லீவரே குறுக்காக முறிந்திருந்து, அது பிளாஸ்ரிக்காகவும் இருந்தால் எப்பொக்சி பிடிக்கும், வெறும் எப்பொக்சி போதாது. இரண்டு துண்டின் வாயிலும் ஒன்றுக்கொன்று நேராக மெல்லிய ஓட்டை துளைத்து, உள்ளே இரும்புக் கம்பித் துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி வைத்து ஒட்டுங்கள். ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிற்றால் துடைக்க வேண்டும். கிறீஸ் படிந்த பிளாஸ்ரிக்கில் எதுவும் ஒட்டாது. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகையை விட 24 மணி நேரம் எடுக்கிற வகை பலம். குளிர்ந்த கராஜில் எப்பொக்சி இறுகவே இறுகாது, வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். சூப்பர் குளூ இந்த வேலைக்கு வேண்டாம். இறுகினால் நொய்மை, குளிரில் இன்னும் மோசம்.

பூட்டும்போது

லீவரைக் குளிர்ப் பக்கத்துக் கடைசிக்குக் கொண்டுபோங்கள், பிறகு 3 மில்லிமீற்றர் திரும்ப எடுங்கள். பயணி பக்கத்து வண்டிக் கதவைத் திறந்து, ஹீற்றர் பெட்டியில் உள்ள கையை 'டொக்' என்று தட்டுகிற வரை குளிர்ப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உறையை இறுக்குங்கள். இரண்டு ஆள் இருந்தால் நல்லது. ஏன் அந்த 3 மில்லிமீற்றர்? லீவர் டாஷ்போட்டில் முட்டுவதற்கு முன் கதவு முட்ட வேண்டும். அப்போதுதான் கதவு நன்றாக அழுத்தி மூடும். மாறி நடந்தால் கோடையில் சூட்டுக் காற்று ஒழுகும், குளிரில் பாதிச் சூடுதான் வரும். பிறகு சூட்டுப் பக்கத்திலும் தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மேல் லீவருக்கும் இதையே செய்யுங்கள். கண்ணாடிக்குப் போகிற பக்கம் முழுதாகத் திறப்பதுதான் அதில் முக்கியம்.

திறந்திருக்கும்போதே விசிறி சுவிச்சின் பிளக்கைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒரு உலோகக் காலின் அடியில் பழுப்பாகியிருந்தால் அங்கே சூடேறுகிறது, அந்தக் காலைச் சுத்தம் செய்து குறடால் கொஞ்சம் நெருக்குங்கள். உருகியிருந்தால் பிளக்கையே மாற்றுங்கள். விசிறி முழு வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் சுவிச்சைக் குறை சொல்லவேண்டாம், விசிறியின் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்ரர் போய்விட்டது. அது பொனற்றுக்குள், விசிறி மோட்டர் இருக்கும் பெட்டியிலேயே இரண்டு ஸ்குறூவில் இருக்கும், சுருள் கம்பிகள் காற்றுக்குள் நீட்டியபடி. அந்தக் காற்றுத்தான் அதைக் குளிர்விக்கிறது. அறுந்த சுருளைச் சாதாரண வயரால் இணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தீ வைக்கிற வேலை. பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும் அதே ரகம். இலை அடைத்தோ அச்சு காய்ந்தோ மோட்டர் கஷ்டப்படுகிறதா என்று பாருங்கள்.

லீவருக்குப் பின்னாலுள்ள சின்ன விளக்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பழையதின் அடியில் எண் இருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள். இதற்காகத் திரும்ப ஒரு தடவை முகப்பைக் கழற்ற யாருக்குப் பொறுமை?

முகப்பைப் பூட்ட முதல் பற்றரியைக் கொளுவி, எஞ்சினைச் சூடாக்கி, எல்லா லீவரையும் எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடியின் அடியில் கை வைத்தால் காற்று பலமாக அடிக்க வேண்டும். காலுக்கு மாற்றினால் அங்கே குறைந்து இங்கே கூட வேண்டும். சூட்டு லீவரைக் குளிருக்குத் தள்ளிச் சில நிமிடத்தில் காற்று வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர வேண்டும். குளிராவிட்டால் உறையை இளக்கிக் கொஞ்சம் நகர்த்தி இறுக்குங்கள். இந்த ஒரு கட்டத்தில் நாலு தடவை இளக்கி இறுக்குவது வழமைதான்.

எல்லாம் சரி என்றால் முகப்பைப் பூட்டலாம். பிளாஸ்ரிக்கில் இறங்கும் ஸ்குறூவை முதலில் கையால் பின்பக்கம் சுற்றி, பழைய மரையில் 'கிளிக்' என்று விழுந்ததும் முன்னால் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அது புது மரை வெட்டும், ஓட்டை தளரும். ஒரு மாதம் ஓடிய பிறகு, முகப்பைத் தொடாமலே, கையுறைப் பெட்டிப் பக்கத்தில் உறையைப் பிடிக்கும் ஸ்குறூவை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.